மாஸ்டா எம்எக்ஸ்-5: காற்று எடுத்த பிறகும் பெடல் இறங்கினால்

வணக்கம். உங்கள் 1992 மாடல் எம்எக்ஸ்-5 காரில் பின் காலிப்பர்களை (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகங்களை) மாற்றி, ஒரு லிட்டர் பிரேக் ஆயில் தீரும்வரை காற்றை வெளியேற்றிய பிறகும் பெடல் பாதிவரை இறங்குவதாகவும், மறுமுறை மிதித்தால் உயர்ந்து கல்லாக நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். காற்று இருந்தால் உயர்ந்த பின்பும் பஞ்சுபோல் அமுங்கும் என்பதால், பின் பேடுகள் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலிருந்து அதிகம் விலகி நிற்கின்றன என்றே நினைக்கிறேன்.

ஆயினும் முதலில் பிளீடர் நிப்பிள்கள் (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகுகள்) காலிப்பரின் மேற்புறம் உள்ளனவா என்று பாருங்கள். காலிப்பர்களை இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் அவை கீழே போய், காற்று மேலேயே தங்கிவிடும்.

அது சரியாக இருந்தால், முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பின், காலிப்பரின் பின்னாலுள்ள 14 மி.மீ. தலை கொண்ட மூடி போல்ட்டைக் கழற்றுங்கள். அங்கிருந்து ஆயில் கசியாது. முதல் முறை நானும் பயந்து தட்டு ஏந்தியவன்தான். உள்ளேயுள்ள சரிசெய்யும் திருகில் 4 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) நுழைத்து, பேடுகள் டிஸ்க்கைத் தொடும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, பிறகு மூன்றிலொரு சுற்று பின்னால் விடுங்கள். ஹேண்ட்பிரேக் கேபிளை அதன் பிறகே சரிசெய்ய வேண்டும்.