இரட்டையாகத் தெரிவதெல்லாம் டபுள்டு டை அல்ல

கேள்வி: 1969-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் ஒன்றை ‘டபுள்டு டை’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். ஆண்டு எண்ணும் அதன் கீழே இருக்கும் ‘எஸ்’ குறியும் இரட்டையாகத் தெரிகின்றன. ‘எஸ்’ஸும் இரட்டையாக இருப்பதால் இது இன்னும் அபூர்வம் என்கிறார் விற்றவர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். உங்கள் நாணயத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்த ‘எஸ்’தான்.

நாணயம் அடிக்கும் எஃகு அச்சுக்குத்தான் டை என்று பெயர். அந்த டையைச் செய்ய இன்னொரு எஃகுத் துண்டு வேண்டும். அதில் படம் நாணயத்தில் இருப்பதுபோலவே மேடாக இருக்கும். அதை ஹப் என்பார்கள். ஹப்பை வெற்று எஃகின் முனையில் அழுத்தினால் படம் பள்ளமாகப் பதிந்து டை ஆகிறது. அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் முழுப் படமும் பதியாது. அழுத்தம் பட்டதும் எஃகு இறுகிவிடும். அதை உலையில் வைத்து இளக்கி, ஹப்பை மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை ஹப் இம்மியளவு திரும்பியிருந்தாலும் டையிலேயே இரண்டு படங்கள் விழும். அதன் பிறகு அந்த டை அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில் அதே இரட்டிப்பு வரும். இதுதான் டபுள்டு டை; காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

‘எஸ்’ என்ற நாணயச்சாலைக் குறி அப்போது ஹப்பில் கிடையாது. டை தயாரான பிறகு, தனி உளி ஒன்றை வைத்துக் கையால் தட்டிப் பதிப்பார்கள். எனவே ஹப் திரும்பியதற்கும் ‘எஸ்’ஸுக்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான 1969-எஸ் டபுள்டு டையில் ஆண்டு எண், ‘லிபர்டி’, ‘இன் காட் வி டிரஸ்ட்’ எல்லாம் தடித்த இரட்டையாக இருக்கும். ‘எஸ்’ ஒற்றையாகவே நிற்கும்.

உங்கள் நாணயத்தில் இரட்டிப்பு வந்தது அடிக்கும் இயந்திரத்தில். டையைப் பிடித்திருக்கும் பாகம் தளர்ந்திருந்தால், அடித்து முடித்த டை மேலே எழும்புவதற்குள் சற்றே நகரும் அல்லது திருகும். அப்போது புதிதாக எழுந்த எழுத்துகளின் ஓரத்தை அது வழித்துவிடுகிறது. ஆண்டு, குறி என்று பார்த்து வழிக்காது; எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தள்ளும். இதுதான் மெஷின் டபுளிங். 1969-எஸ் சென்ட்டில் இது சர்வசாதாரணம், அதனால்தான் விளம்பரங்களும் அந்த ஆண்டையே சுற்றிச்சுற்றி வருகின்றன.

குறியை மட்டும் கையால் இரண்டு முறை தட்டிய நாணயங்களும் உண்டு. அது வேறு வகை; அங்கே ஆண்டும் இரட்டையாக இருந்தால்கூட, குறியின் இரட்டிப்பு அதே திசையில், அதே அளவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இன்னொரு எச்சரிக்கை: அமெரிக்க சென்ட்டில் 1990 முதல் குறியும், ஹப்பைச் செய்ய உதவும் மூல டையிலேயே சேர்ந்துவிட்டது. ஆகவே இந்தக் குறிச் சோதனையைப் பிந்தைய நாணயங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

‘விவரித்தபடி இல்லை’ என்ற காரணம் காட்டித் திருப்பி அனுப்புங்கள். ஆண்டும் ‘எஸ்’ஸும் ஒரே திசையில் வழிக்கப்பட்டிருப்பது தெரியும்படி ஒரு நெருக்கப் படத்தையும் இணைத்துவிட்டால் போதும்.

கேள்வி: குறியே இல்லாத நாணயமாக இருந்தால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: முதலில் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வேண்டும். லூப்பைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நாணயத்தை அதன் அருகே கொண்டுவாருங்கள். பலர் தலைகீழாகச் செய்து, பாதிப் பரப்பைத்தான் பார்க்கிறார்கள். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து விழட்டும். நாணயத்தை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்புங்கள். நிழலாக இருந்தால் இடம் மாறிக்கொண்டே போகும்; இரட்டிப்பு இருந்த இடத்தில் இருக்கும்.

அடுத்தது எழுத்தின் அகலம். எங்களைக் கேட்டால் பாதி வழக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அதே ஆண்டின் சாதாரண நாணயம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரே எழுத்தை ஒப்பிடுங்கள். டபுள்டு டையில் இரண்டாவது படம் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே எழுத்து அகன்றிருக்கும். மெஷின் டபுளிங்கில் எதுவும் சேர்வதில்லை, இருந்ததுதான் வழிக்கப்படுகிறது. வழிக்கப்பட்ட பகுதியையும் சேர்த்தால் மொத்த அகலம் சாதாரண எழுத்தின் அளவுதான் வரும். உயரமாக நிற்கும் பகுதி மட்டும் ஒல்லியாகியிருக்கும். ரப்பர் ஸ்டாம்பை இருமுறை குத்துவது வேறு, ஒருமுறை குத்திவிட்டு எடுக்கும்போது கை இழுபட்டு ஓரம் கலைவது வேறு.

மூன்றாவது, அந்த இரண்டாவது உருவத்தின் வடிவம். மெஷின் டபுளிங்கில் எழுத்தின் ஒரு பக்கத்தில் தட்டையான படி ஒன்று இருக்கும். அது நாணயத்தின் வெற்றுப் பரப்பை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கும். புது நாணயமாக இருந்தால் உலோகம் வழித்த இடம் பளபளவென்று மின்னும். டபுள்டு டையின் இரண்டாவது உருவமோ மற்ற எழுத்துகளைப் போலவே மேல்பக்கம் உருண்டு, மேடாக நிற்கும்.

‘டி’ (T) எழுத்தின் கால் முனையையோ ‘இ’ (E) எழுத்தின் கை முனையையோ பாருங்கள். டபுள்டு டையில் இரண்டு உருவங்களும் பிரியும் மூலை மீன்வால் போலப் பிளந்திருக்கும். இந்தப் பிளவு மூலைக்கு மூலை திரும்பத் திரும்பத் தெரிந்தால் நல்ல அறிகுறி. படி மட்டும் இருந்து, பிளவு எங்குமே இல்லை என்றால் பணப்பையைத் திறக்காதீர்கள்.

சில சமயம் டை வழுக்காமல், எழும்பிக் குதித்து மறுபடி தொடும். அப்போது வரும் கோடு சுத்தமாக, டபுள்டு டை போலவே இருக்கும். இந்த வகையில் ஒரே ஒரு நாணயத்தை வைத்து நாங்களும் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். அதே டையில் அடித்த இன்னொரு நாணயம் கிடைத்தால்தான் தெளியும். மெஷின் டபுளிங் என்றால் அளவு நாணயத்துக்கு நாணயம் கூடிக் குறையும்.

கேள்வி: இப்போதெல்லாம் டையை ஒரே அழுத்தில் செய்துவிடுகிறார்களாமே. அப்படியானால் 2000-க்குப் பிந்தைய நாணயத்தில் டபுள்டு டை எப்படி வரும்?

பதில்: வருகிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாணயச்சாலை ஒரே அழுத்து முறைக்குப் போனது. வெற்று எஃகின் முனை தட்டையாக இருக்காது, நடுவில் கொஞ்சம் கூம்பியிருக்கும். ஹப் முதலில் தொடுவது அந்த நடுவைத்தான். எஃகு சற்றுச் சாய்வாக உட்கார்ந்திருந்தால், முதல் தொடலில் நடுப்பகுதிப் படம் கொஞ்சம் பதிந்துவிடும். அழுத்தம் ஏற ஏற எஃகு நிமிர்ந்து உட்காரும். மீதிப் படம் சற்றுத் தள்ளிப் பதியும். ஆக இரட்டிப்பு நடுப்பகுதியில், சின்னதாகத்தான் இருக்கும்.

1997 சென்ட்டில் லிங்கனின் காது மடல் இரட்டையாக இருப்பதும், 2005 மினசோட்டா கால் டாலரில் மரங்களுக்கு நடுவே கூடுதலாக ஒரு மரத்தின் சாயல் தெரிவதும் இந்த வகைதான். 2009-இல் வந்த சென்ட்களில் ஒன்றில் இளம் லிங்கன் மரக்கட்டைமேல் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். அவர் கையில் கூடுதல் விரல் முளைத்த டைகள் பல உண்டு. எல்லாமே படத்தின் நடுப்பகுதி என்பதைக் கவனியுங்கள். 2010-ஆம் ஆண்டு நாணயத்தில் விளிம்போர எழுத்துகளும் ஆண்டும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரிகின்றன என்று யாராவது விற்றால், பெரும்பாலும் அது மெஷின் டபுளிங்தான்.

கேள்வி: 1990-களின் சென்ட் ஒன்றில் எழுத்துகளின் ஓரமாகச் சாம்பல் நிறக் கோடு ஓடுகிறது. டபுள்டு டையா?

பதில்: இல்லை, செம்பு முலாம் கிழிந்திருக்கிறது. 1982-இல் அமெரிக்க சென்ட் செம்புக் கலவையிலிருந்து, மெல்லிய செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. அடிக்கும்போது எழுத்தின் ஓரத்தில் முலாம் இழுபட்டுக் கிழிந்தால் உள்ளிருக்கும் துத்தநாகம் சாம்பல் நீலமாக எட்டிப் பார்க்கும். நிறம்தான் அடையாளம். முலாமுக்கு அடியில் காற்று உப்பிய கொப்புளங்களையும் இப்படியே விற்கிறார்கள். இரண்டுக்கும் முகமதிப்புக்கு மேல் தர வேண்டாம்.

கேள்வி: ‘ஏழையின் 1955 டபுள்டு டை’ என்று மலிவாக ஒரு நாணயம் விற்கிறார்கள். மலிவுப் பதிப்பு என்று வாங்கி வைக்கலாமா?

பதில்: பெயர்தான் கவர்ச்சி. அது டபுள்டு டையே அல்ல, தேய்ந்துபோன டையில் அடித்த நாணயம். டை பழசாகும்போது எழுத்துகளின் ஓரம் அரிக்கப்பட்டு, விளிம்பை நோக்கி மங்கலாகப் பரவும். 1955-இல் கடைசி ‘5’ அப்படிப் பரவி இரட்டைபோலத் தெரிகிறது. பக்கத்து வெற்றுப் பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாக இருந்தால் தேய்ந்த டை என்று சொல்லிவிடலாம். உண்மையான 1955 டபுள்டு டையில் ஆண்டும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே பிரிந்து தெரியும். அதற்குப் போலிகளும் உண்டு; அசலின் பின்பக்கத்தில் ‘சென்ட்’ என்ற சொல்லின் ‘டி’ (T) எழுத்துக்கு இடப்புறம் மெல்லிய செங்குத்துக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: இரண்டு பக்கங்களின் நேரான முழுப் படம் முதலில். பிறகு இரட்டிப்பு உள்ள எழுத்துகளின் நெருக்கப் படம், வெளிச்சம் இரண்டு வேறு திசைகளிலிருந்து விழும்படி இரண்டு. யு.எஸ்.பி. நுண்ணோக்கிப் படம் மட்டும் இருந்தால் ஜாக்கிரதை. அதைச் சுற்றியுள்ள வளைய விளக்கு எழுத்தின் ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு வெள்ளைக் கோட்டை எழுப்பும். எந்த நாணயமும் அதில் இரட்டையாகத் தெரியும்.

எந்த டை என்று பட்டியல் எண்ணைக் கேளுங்கள். டபுள்டு டைகளை நாணயப் பிழைகளுக்கான கோனெக்கா போன்ற சங்கங்கள் டைக்கு ஒரு எண் கொடுத்துப் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பதிவில் இரட்டிப்பின் திசை மட்டுமல்லாமல் டையில் விழுந்த கீறல், விரிசல் போன்ற அங்க அடையாளங்களும் இருக்கும். 1972 சென்ட்டின் பெரிய டபுள்டு டையில், பின்பக்கம் ‘யுனைடெட்’டின் கடைசி எழுத்தான ‘டி’க்கு (D) மேலே விளிம்போரமாக ஒரு சிறு கீறல் உண்டு. அதே இரட்டிப்பும் அதே கீறலும் சேர்ந்து இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். ‘டிடிஓவாக (முன்பக்க டபுள்டு டையாக) இருக்கலாம்’, ‘பிழை?’ என்று கேள்விக்குறியோடு எழுதுபவரிடம் எண் இருக்காது. அவர் விலையில் மட்டும் கேள்விக்குறி இருக்காது!

கேள்வி: மெஷின் டபுளிங் நாணயத்தைத் தர நிர்ணயத்துக்கு அனுப்பலாமா?

பதில்: கட்டணம்தான் நஷ்டம். என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் இதை நாணயப் பிழையாகவே எழுதித் தருவதில்லை. உண்மையான டபுள்டு டையை அனுப்பும்போதும் வகை அடையாளம் காண்பது தனிச் சேவை, அதற்குத் தனிக் கட்டணம். விண்ணப்பத்தில் அதைக் கேட்காமல் விட்டால் ஆண்டும் தரமும் மட்டும் எழுதி நாணயம் திரும்பி வரும்.