அல்வா டொமைனுக்கு 2,000 டாலர் கிடைக்குமா?

உங்கள் டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, ஆன்லைன் மதிப்பீட்டுக் கருவி காட்டிய அந்த 2,000 டாலரை மறந்துவிடுங்கள் அண்ணாச்சி, நடுவில் இரண்டு கோடு போட்ட 'நெல்லை-அல்வா-ஆன்லைன் டாட் இன்'னுக்கு நானாக இருந்தால் புதுப்பிக்கும் கட்டணத்துக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க மாட்டேன். அந்தக் கருவி, 'டாட் காம்' என்று முடியும் பெயர்களின் விலைகளை வைத்துக் கணக்குப் போட்டிருக்கும். போனில் பெயர் சொல்லும்போது "நடுவில் கோடு, மறுபடி கோடு" என்று விளக்க வேண்டியிருந்தாலே விலை விழுந்துவிடும்.

டொமைன்கள் விற்ற விலைகளைப் பட்டியலிடும் நேம்பயோ தளத்தில் அதே சொல், டாட் இன் முடிவோடு, உண்மையில் விற்றிருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் கோடில்லாத பெயரில் கடை ஏதும் நடக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கினால் ஜங்ஷன் பக்கம் அல்வாக் கடைக்காரர் வாங்குவார், அமெரிக்காக்காரர் இல்லை.

"வாங்கிக்கொள்கிறேன், முதலில் காசு கட்டி மதிப்பீட்டுச் சான்று எடுங்கள்" என்று மெயில் வந்தால் அது ஏமாற்று வேலை. வேறொரு கடையின் பதிவுபெற்ற வணிகப் பெயர் கலந்திருந்தால் விற்கவே போகாதீர்கள், டொமைனே கைவிட்டுப் போகலாம்.