சிறிய கிறிஸ்தவப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். என் மகன் ஒரு பெரிய மெட்ரிக் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். பள்ளியில் வாயே திறப்பதில்லை. கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு போதகரின் குடும்பம் ஐந்தாம் வகுப்பு வரை சிறிய பள்ளி ஒன்றை நடத்துகிறது. வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகள்தான். மகனையும், எல்.கே.ஜி. சேர வேண்டிய மகளையும் அங்கே சேர்க்கலாம் என்கிறார் மாமியார். "பெயர் இல்லாத பள்ளியில் சேர்த்துப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்காதே" என்கிறார் கணவர். அங்கே பாதிப் பிள்ளைகள் இந்துக்கள் என்பதால் வேதபாடம் சரியாக நடக்குமா என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனைப் பொறுத்தவரை, மாற்றுவதே நல்லது என்று நினைக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வரையறுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை தொந்தரவு தராத பிள்ளையாகிவிடுகிறது. அதனாலேயே யாரும் அவனைக் கவனிப்பதில்லை. வாசிப்பு கைவராமல் ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்தே எட்டாமல் போகின்றன. அவனுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

ஆனால் சிறிய பள்ளி என்பதற்காக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியை விலகினால் மற்றொருவர் வருவார், பள்ளி அதன் போக்கில் நடக்கும்; சிறிய பள்ளியிலோ நான்கைந்து ஆசிரியைகள்தான் பள்ளியே. இத்தகைய பள்ளிகளில் சம்பளம் குறைவு என்பதால், பி.எட். முடித்ததும், திருமணம் ஆனதும், நூறு மீட்டர் தள்ளி ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்ததும் பலர் போய்விடுகிறார்கள். ஆகவே தாளாளரைச் சந்திக்கும் முன், மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய்மார்களிடம் பேசுங்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை எத்தனை ஆண்டாக இருக்கிறார், நடுவில் யாராவது மாறினார்களா, சம்பளம் மாதாமாதம் கிடைக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதோடு, அங்கே படிக்கும் ஒரு பிள்ளையின் தமிழ் நோட்டை ஒரு மாலை வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி போட்டு, கீழே 'குட்' என்று எழுதியிருக்க, நடுவில் 'மறம்' வளர்த்தோம் என்றும் 'பல்லி'க்குப் போனோம் என்றும் பிள்ளை எழுதியது அப்படியே நின்றால், அந்த நோட்டை யாரும் வாசிக்கவில்லை என்று பொருள். தவறான சொல்லின் அடியில் கோடிட்டு, அதே சொல்லைப் பிள்ளையைக் கொண்டே மூன்று முறை சரியாக எழுத வைத்திருந்தால், பிள்ளையோடு உட்கார்ந்து கற்பிக்கும் ஆசிரியை அங்கே இருக்கிறார். வகுப்பில் எத்தனை பேர் என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுவேன்.

ஒன்றை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பள்ளியை மாற்றியும் ஆறு மாதத்தில் வாசிப்பில் முன்னேற்றம் இல்லையென்றால், அவனைச் சோம்பேறி என்று யாரும் திட்ட விடாதீர்கள். ஜெபித்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜெபியுங்கள், கூடவே, கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது கட்டடம். 2004ஆம் ஆண்டு ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்தோம். ஓலைக்கூரையும் குறுகிய படிக்கட்டும் அதில் பங்கு வகித்தன. வடசென்னையின் சிறிய பள்ளிகளில் சில, வீடாக இருந்து பள்ளியாக மாறியவை. மாடிப்படியில் இரண்டு பிள்ளைகள் பக்கம்பக்கமாக இறங்க முடிகிறதா, அது தவிர வேறு வழி உண்டா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே ஏறி இறங்கிப் பாருங்கள். அரசு அங்கீகாரம் எந்த ஆண்டு வரை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது என்றும், கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் சான்றும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். "நம்ம சபைக்காரர்கள்தானே, எப்படிக் கேட்பது?" என்று கூச வேண்டாம், சரியாக நடத்துகிறவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார். அங்கீகாரம் இல்லையென்றால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். எமிஸ் எண்ணும் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) முறையான மாற்றுச் சான்றிதழும் இல்லாமல் ஆறாம் வகுப்புக்கு நீங்கள்தான் அலைய நேரிடும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்திருக்கும் நேரத்தையும், கன்டெய்னர் லாரிகளையும் கணக்கில் கொண்டு, காலை வேளையில் ஒருமுறை மகனோடு போய் வந்து பாருங்கள்.

வேதபாடம் பற்றிய உங்கள் கவலையில் எனக்கு உடன்பாடு இல்லை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. இந்துப் பிள்ளைகளின் பெற்றோரிடம் அந்தச் சம்மதத்தைக் கேட்டு, மரியாதையோடு நடத்தும் பள்ளி, உங்கள் பிள்ளைகளையும் அவ்வாறே நடத்தும். காலை ஜெபமும் மனப்பாட வசனமும் பள்ளியில் கிடைப்பது நல்லதே. விசுவாசத்தைக் கற்றுத்தரும் பொறுப்பு வீட்டு ஜெபத்துக்கும் ஞாயிறு பள்ளிக்கும் உரியது. பணம் கட்டாத பிள்ளையை வெளியே நிற்க வைக்கிறார்களா, தப்புச் செய்த பிள்ளையிடம் எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்பதைப் பாருங்கள். அந்தப் பள்ளி கிறிஸ்தவப் பள்ளியா என்பது எனக்கு அதில்தான் தெரியும்.

உங்கள் கணவரின் கவலையையும் தள்ளிவிட முடியாது, ஏனெனில் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு எங்கே என்ற கேள்வி இருக்கிறது. ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி பகுதிகளில் நெடுங்காலமாக நடக்கும் மிஷன் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எவை அரசு உதவி பெறுபவை என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அரசுப் பள்ளியையும் ஒதுக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் கணவரோடு உட்கார்ந்து பேசினால், 'பெயர்' குறித்த வாக்குவாதம் பாதி குறைந்துவிடும்.

மகளை மட்டும் இப்போதே அங்கே சேர்க்க வேண்டாம். அவளுக்கு அது ஏழு ஆண்டுகள்; அத்தனை காலம் ஒரு சிறிய பள்ளி இதே ஆசிரியைகளோடு நடக்கும் என்று இன்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எல்.கே.ஜி.யை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் படிக்கட்டும். அண்ணன் அங்கே ஓராண்டு படித்து முடித்த பிறகு அவளைப் பற்றி முடிவெடுங்கள்.