பொருளாதார ஆய்வுக்குள் ஏஐ: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், முனைவர் பட்டத்துக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். ஏஐ வந்த பிறகு பொருளாதார ஆய்வில் உண்மையிலேயே மாறியது என்ன?

பதில்: எதையெல்லாம் தரவாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் பெரிய மாற்றம். முன்பு அட்டவணையில் இருப்பதுதான் தரவு. இப்போது நாளிதழ், கூட்டப் பதிவு, செயற்கைக்கோள் படம் எல்லாமே சேர்ந்துவிட்டன. 2016இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய நாடுகளின் செயற்கைக்கோள் படங்களை வைத்தே எந்தப் பகுதியில் வறுமை அதிகம் என்று கணித்தது. ஆனால் அந்தக் கணிப்பைச் செய்த கணினி மாதிரியை (மாடல்) பழக்கவும் சரிபார்க்கவும் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பு வேண்டியிருந்தது. இதை மறந்துவிட்டு, இனி களப்பணியே தேவையில்லை என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி: சந்தை ஆய்வில் இருக்கிறேன். ஆட்களுக்குப் பதிலாக ஏஐயிடமே சர்வே எடுத்துவிடலாமா?

பதில்: பொருளாதார அறிஞர் ஜான் ஹார்ட்டன் 2023இல் இந்த யோசனைக்கு 'ஹோமோ சிலிகஸ்' (சிலிக்கான் மனிதன்) என்று பெயரே வைத்தார். பழைய சோதனைகள் சிலவற்றை, சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இயங்கும் மொழி மாதிரியிடம் நடத்தியபோது, மனிதர்களிடம் கிடைத்ததைப் போன்ற முடிவுகள் வந்தன. எனக்கு அரை நம்பிக்கைதான். அந்தச் சோதனைகளைப் பற்றி மாதிரி ஏற்கெனவே படித்திருக்கலாமே! கேள்வித்தாளை ஒத்திகை பார்க்க நல்ல வழி, அவ்வளவுதான்.

கேள்வி: செய்தித் தலைப்புகளைக் கொடுத்து 2019ஆம் ஆண்டின் பங்கு விலைகளைக் கணிக்கச் சொன்னேன். முடிவு பிரமாதம். கட்டுரையாக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் பயன்படுத்திய மாதிரி 2019க்குப் பிறகு எழுதப்பட்டதையும் படித்திருந்தால், எந்த நிறுவனம் ஏறியது, எது விழுந்தது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதின கதை. பயிற்சித் தரவு முடிந்த தேதிக்குப் பிந்தைய காலத்தில் மட்டும் சோதியுங்கள். நிறுவனத்தின் பெயரை மறைத்தும் ஓட்டிப் பாருங்கள். அப்படி மறைத்தாலும், செய்தியை வைத்தே சில சமயம் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: ஏஐயால் உற்பத்தித்திறன் கூடுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. பிரின்யால்ஃப்சன், லி, ரேமண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 5,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்தார்கள். ஏஐ உதவி கிடைத்த பிறகு, அவர்கள் மணிக்குத் தீர்த்துவைத்த பிரச்சினைகள் சராசரியாகச் சுமார் 14% கூடின. புதியவர்களுக்குத்தான் பெரும் பலன். கைதேர்ந்தவர்களுக்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தில் கிடைத்த எண்ணை அப்படியே நாட்டுக்குப் பொருத்தக் கூடாது. பொருளாதார அறிஞர் டாரன் அசெமோக்லு 2024இல் போட்ட கணக்குப்படி, 10 ஆண்டுகளில் ஏஐயால் வரும் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் (அதே உழைப்பு, அதே மூலதனத்தில் கிடைக்கும் உற்பத்தி) உயர்வு 0.66 சதவீதத்தைத் தாண்டாது. அவர் மிகவும் குறைத்துக் கணக்கிடுகிறார் என்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: சாட்ஜிபிடியை இணை ஆசிரியராகப் போடலாமா?

பதில்: கூடாது. நேச்சர், சயின்ஸ் இதழ்கள் இரண்டுமே 2023இல் மறுத்துவிட்டன. தவறு வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே.

கேள்வி: ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருள்களுக்கு ஏஐ எழுதித் தரும் நிரல்களை நம்பலாமா?

பதில்: ஓடும். ஓடிவிட்டதாலேயே சரி என்று ஆகாது. குறிப்பாக இரண்டு தரவுத் தொகுப்புகளை இணைக்கும் இடத்தில், பொருந்தாத வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகலாம். இணைப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டு, அப்புறம் அடுத்த படிக்குப் போங்கள்.