பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் சம்பளமா?

குடியாத்தத்திலிருந்து எழுதிய தந்தைக்கு,

வணக்கம். தறி நெய்து பி.காம். படிக்கவைத்த மகள், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதச் சேர்ந்த ஏழாம் மாதமே அழுகிறாள். அனுசரித்துப் போகச் சொல்லவா, நின்றுவிடச் சொல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் உட்காருவது நிறுவனத்தில். 13,000 ரூபாய்ச் சம்பளம் தருவது அவளை அங்கே அனுப்பிய ஆள் சேர்ப்பு ஏஜென்சி. சிக்கல் அங்கேதான். பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தீபாவளி போனஸ், இவளுக்கு இனிப்புப் பெட்டி. பத்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் சம்பளம் பிடிப்பு. மேற்பார்வையாளரின் ஊர்க்காரருக்கு மட்டும் அது கிடையாது. வேலை கடினம் என்று அவள் அழவில்லை, இந்த ஓரவஞ்சனைதான் அவளை அறுக்கிறது. "முதல் வேலை, பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வராத நேரத்தின் அளவுக்குத்தான் சம்பளம் பிடிக்கலாம். 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே அப்படித்தான். போனஸும் தயவு அல்ல: 20 பேருக்குக் குறையாத இடத்தில், ஆண்டில் 30 நாளாவது வேலை செய்த, இந்தச் சம்பள அளவில் இருப்பவருக்குப் பொதுவாகக் குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. அதைத் தரவேண்டியது ஏஜென்சி. "நீ கம்பெனி ஆளில்லை" என்பது பதிலாகாது.

சம்பளச் சீட்டில் பி.எஃப். 12 சதவீதம் பிடித்ததாக இருந்தால், அவளுடைய பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு மாதத்துப் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் வேலூரிலேயே பி.எஃப். அலுவலகம் இருக்கிறது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: அசல் மதிப்பெண் பட்டியல் யாரிடம் இருக்கிறது? என் முதல் வேலையும் ஒரு ஏஜென்சி வழியாகத்தான். "சரிபார்க்க" என்று வாங்கிய சான்றிதழ்களை மீட்க நான்கு மாதம் நடையாய் நடந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கொடுத்திருந்தால் ராஜினாமாவைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே திரும்ப வாங்கிவிடுங்கள்.

பிறகு அவள் தாராளமாக வெளியேறட்டும், ஆனால் வேறு வேலை கைக்கு வந்தபின். ஆம்பூர் உங்களுக்கு ராணிப்பேட்டையைவிடப் பக்கம். அங்கே தோல், காலணி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. நேர்காணலில் சம்பளத்தைக் கேட்குமுன் நியமனக் கடிதத்தில் யார் கையெழுத்து என்று அவள் கேட்கட்டும். இதுவரை வந்த சம்பளச் சீட்டுகளை எல்லாம் எனக்கு அனுப்புங்கள். பிடிப்பைக் கணக்கிட்டு, ஏஜென்சிக்கு ஒரு மனுவை அவளோடு சேர்ந்தே எழுதுகிறேன்.