செஸ் நாவலைப் படமா எடுத்தா எடுபடுமா?

கேள்வி: ‘தி குயின்ஸ் கேம்பிட்’ நாவல் வெப் சீரிஸா வராம ரெண்டு மணி நேரப் படமா வந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?

முழு கதையையும் எடுத்திருந்தா நிச்சயம் கெட்டுப் போயிருக்கும்.

வால்டர் டெவிஸ் இந்த நாவலை 1983-ல எழுதினாரு. அவரோட ‘தி ஹஸ்லர்’ 1961-லயே படமாகி பேர் வாங்கிடுச்சு, ஆனா அது பூல் ஆட்டம், பந்து உருண்டு போய் குழியில விழுறதைப் பாத்தாலே ஆட்டம் தெரியாதவங்களுக்கும் யாரு கை ஓங்கியிருக்குன்னு புரிஞ்சிடும். செஸ்ல ரெண்டு பேரு குனிஞ்சு உக்காந்திருக்காங்க, சண்டை பூரா மண்டைக்குள்ள. 1992-லயே திரைக்கதை எழுத்தாளர் ஆலன் ஸ்காட் இந்த நாவலோட பட உரிமையை வாங்கிட்டாரு, ஆனாலும் படம் வரல. நடிகர் ஹீத் லெட்ஜர் முதல்முறையா டைரக்ட் பண்ண இதைத்தான் எடுத்து வச்சிருந்தாரு, 2008 ஜனவரியில அவரும் இறந்துட்டாரு. கடைசியா 2020 அக்டோபர்ல டைரக்டர் ஸ்காட் ஃபிராங்க் ஏழு எபிசோடா எடுத்து நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு.

இந்தக் கதையோட உயிரே அந்த பேஸ்மென்ட்லதான் இருக்கு. கென்டக்கியில ஒரு அனாதை இல்லம், பெத்னு எட்டு வயசுப் பொண்ணு, கீழ ஷைபல்னு ஒரு துப்புரவுப் பணியாளர் தனியா உக்காந்து காய் நகர்த்திட்டு இருக்காரு. சொல்லிக்கொடுங்கன்னு கேட்டா பொண்ணுங்க செஸ் ஆட மாட்டாங்கன்னு விரட்டுறாரு. இவளோ அவர் ஆடுறதைப் பாத்துப் பாத்தே எந்தக் காய் எப்படி நகரும்னு கத்துக்கிட்டு வந்து சொல்றா. அப்புறம் ஒரு ஆட்டத்துல ராணியை விட்டுடுறா, அவரு உடனே ரிசைன் பண்ணுங்கிறாரு. ராணி போச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது, ஒத்துக்கிட்டு எந்திரிக்கணும், அதுதான் மரியாதையாம். அவளுக்கு வர்ற கோபம் இருக்கே, நாவல்ல அதைப் படிக்கிறப்ப நமக்கே நெஞ்சு அடைக்கும்.

இன்னொரு பக்கம் அந்த இல்லத்துலயே பிள்ளைங்க அமைதியா இருக்கணும்னு தினமும் மாத்திரை குடுக்கறாங்க, இவ அதை சேத்து வச்சு ராத்திரி முழுங்கிட்டு படுத்துக்கிட்டே மனசுக்குள்ள ஆட்டம் போட்டுப் பாக்குறா, ஆக போதையும் செஸ்ஸும் ஒரே நேரத்துல ஒண்ணா ஒட்டிக்கிட்டு வளருது, பின்னாடி ஒண்ணை விட்டா இன்னொண்ணும் போயிடுமோங்கிற பயம்தான் முழுக் கதையும். ரெண்டு மணி நேரத்துல இதைச் சொல்லணும்னா ஒண்ணு போதைப் படமா ஆகும், இல்ல கடைசி ரவுண்டுல கப் வாங்குற படமா ஆகும்.

இப்படி ஆனதுக்கு உதாரணமும் இருக்கு. ரஷ்ய எழுத்தாளர் நபகோவ் எழுதின ‘தி லூஷின் டிஃபென்ஸ்’ நாவல்ல லூஷின்ங்கிற செஸ் மேதையோட பெரிய ஆட்டம் முடியாமலே நிக்கும், அவரும் உடைஞ்சு போயிடுவாரு. 2000-ல வந்த படத்துல அவர் செத்ததுக்கு அப்புறம் அவர் எழுதி வச்ச மூவ்ஸை வச்சு காதலி உக்காந்து ஆடி ஜெயிக்கிறா. லூஷினா ஜான் டர்டூரோ அவ்வளவு நல்லா நடிச்சும் எனக்கு மனசு ஆறல.

சீரிஸ் செஞ்ச பெரிய நல்ல காரியம், கேமராவை போர்டுல வைக்காம பெத்தா நடிச்ச அன்யா டெய்லர் ஜாயோட கண்ணுல வச்சது. அதுக்காக ஆட்டத்துல ஏமாத்தல, முன்னாள் உலக செஸ் சாம்பியன் காஸ்பரோவும் செஸ் கோச் புரூஸ் பேன்டோல்ஃபினியும் ஆலோசனை சொல்லக் கூட இருந்தாங்க, கடைசி ஆட்டமே 1993-ல கிராண்ட்மாஸ்டர்கள் இவான்சுக்கும் பேட்ரிக் வுல்ஃபும் டிரா பண்ண நிஜ ஆட்டத்துல இருந்து எடுத்து மாத்தினதுதான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மன்னிக்க முடியல. ஜார்ஜியாவோட செஸ் வீராங்கனை நோனா கப்ரின்டாஷ்விலி ஆம்பளைங்களோட ஆடினதே இல்லைன்னு கடைசி எபிசோடுல ஒரு வசனம் வரும். நிஜத்துல அந்தக் காலத்துலயே ஆம்பளைங்களோட மோதி ஜெயிச்சவங்க, 1978-ல கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கின முதல் பெண். நாவல்ல கூட சரியாத்தான் இருக்கு, திரைக்கதையில மாத்திட்டாங்க. 2021-ல அவங்க நெட்ஃபிளிக்ஸ் மேல கேஸ் போட்டு அடுத்த வருஷம் சமரசம் ஆச்சு. கற்பனைப் பொண்ணை உசத்திக் காட்ட உசிரோட இருக்கிற ஒருத்தங்களைத் தாழ்த்துனது ரொம்பத் தப்பு.

இனிமே யாராவது தியேட்டர் படமா எடுக்கணும்னா பெத் பின்னாடி போய் ஆடுற மாஸ்கோ, பாரிஸ் போட்டி எல்லாம் விட்டுடலாம். பேஸ்மென்ட்ல ஆரம்பிச்சு, என்ட்ரி ஃபீஸுக்கு அஞ்சு டாலர் குடுங்க, பத்தா திருப்பித் தர்றேன்னு ஷைபலுக்கு லெட்டர் போட்டு, அப்ப சாம்பியனா இருந்த பெல்டிக்கை ஜெயிச்சு அவளே கென்டக்கி சாம்பியன் ஆகிற வரைக்கும் எடுத்தா போதும். அதுக்கு ரெண்டு மணி நேரம் தாராளம்.