பூக்கும் வேளையில் எடுக்கும் முடிவு: கனோலா நோய் முன்கணிப்பு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கடுகு இனத்தைச் சேர்ந்த எண்ணெய்வித்துப் பயிரான கனோலா பண்ணை ஒன்றில் வேலை பார்க்கிறேன். பயிரில் நோயின் அடையாளமே இல்லாதபோது, பூக்கத் தொடங்கியதும் பண்ணை உரிமையாளர் ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, பூஞ்சாணக்கொல்லி தெளிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். வராத நோய்க்கு மருந்தடிப்பது எப்படிச் சரியாகும்?
— வாசகர், ரெஜைனா

பதில்: தண்டழுகல் நோயைப் பொறுத்தவரை, அது கண்ணுக்குத் தெரிந்த பிறகு அடிக்கும் மருந்தால் பயனில்லை. இந்நோயை உண்டாக்கும் ஸ்கிலிரோடினியா ஸ்கிலிரோடியோரம் என்னும் பூஞ்சாணம், எலிப்புழுக்கை போன்ற கறுத்த, கெட்டியான இழைமுடிச்சுகளாக மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கக்கூடியது. பயிர் தழைத்துத் தரையை மூடி, மேல்மண் பத்து நாள்களுக்கு மேல் காயாமல் இருந்தால், அம்முடிச்சுகளிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், வெளிர்பழுப்பு நிறத்தில், கிண்ண வடிவக் காளான்கள் முளைக்கின்றன. அவை காற்றில் விடும் வித்துகளால் (பூஞ்சாணம் பரவ உதவும், விதை போன்ற நுண்துகள்கள்) நலமாக இருக்கும் பச்சைத் தண்டை நேரடியாகத் தாக்க முடிவதில்லை. அவற்றுக்கு முதலில் உணவு வேண்டும், அந்த உணவு பூவிதழ். வித்து விழுந்த இதழ் உதிர்ந்து, இலைக்கக்கத்திலோ இலையின் மீதோ ஒட்டிக்கொண்டு ஈரத்தில் அழுகும்போது, அதைத் தின்று வலுப்பெற்ற பூஞ்சாணம் அங்கிருந்து தண்டுக்குள் நுழைகிறது. தண்டு வெளுத்து, நார்நாராகக் கிழிந்து, உள்ளே புதிய முடிச்சுகள் உருண்டு கிடப்பதை நீங்கள் பார்ப்பது அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான்.

ஆகவே மருந்து காக்க வேண்டியது இதழை. முதன்மைத் தண்டில் ஏறத்தாழ 15 பூக்கள் மலர்ந்திருந்தால் அது 20 சதவீதப் பூப்பு நிலை, 20 பூக்கள் மலர்ந்திருந்தால் 30 சதவீத நிலை என்று அங்கே கணக்கிடுகிறார்கள். இயன்றவரை அதிக இதழ்கள் மலர்ந்திருக்க வேண்டும், ஆனால் அவை உதிரத் தொடங்கியிருக்கக் கூடாது என்பதால், இந்த இரு நிலைகளுக்கு இடைப்பட்ட காலமே தெளிப்புக்கு மிகவும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. வெப்பமான நாள்களில் அது மிக விரைவாகக் கடந்துவிடும். 50 சதவீதம் வரை தெளிக்கலாம் என்று பரிந்துரைகளில் இருந்தாலும், வயல் முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறதே என்று அப்போதுதான் தெளிப்பானை எடுப்பவர் பெரும்பாலும் பிந்திவிட்டவரே.

உங்கள் உரிமையாளர் வைத்திருக்கும் பட்டியலின் மூலம், சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் முறை. அந்த வயலில் கடைசியாகக் கனோலா பயிரிட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின, அப்போது நோய் எவ்வளவு இருந்தது, இப்போது பயிர் எவ்வளவு அடர்த்தியாக உள்ளது, கடந்த இரு வாரங்களில் எவ்வளவு மழை பெய்தது, வரும் நாள்களுக்கான வானிலை அறிவிப்பு என்ன, அவ்வட்டாரத்தில் காளான்கள் முளைத்துவிட்டனவா என்னும் கேள்விகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால் இடரின் அளவு கிடைக்கும். இவற்றுள் மழைக்கும் பயிரடர்த்திக்கும் நான் கூடுதல் மதிப்புத் தருவேன்; பயிர்ச்சுழற்சியை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிட மாட்டேன். உங்கள் வயலில் நான்கு ஆண்டுகளாகக் கோதுமையும் பார்லியும் மட்டுமே விளைந்திருக்கலாம், ஆனால் பக்கத்து வயலிலிருந்து வித்துகள் காற்றில் வந்துவிடும். பட்டாணி, பயறு, சூரியகாந்தி உட்பட 400க்கும் மேற்பட்ட தாவர வகைகளில் வாழக்கூடிய பூஞ்சாணம் இது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பட்டியலை நிரப்புவதற்கு முன், காலை பத்து மணியளவில் பயிருக்குள் சிறிது தூரம் நடந்து பாருங்கள். வெளியே வரும்போது கால்சட்டை நனைந்திருந்தால், பயிருக்கடியில் ஈரம் காயவில்லை என்று பொருள். தொலைவில் உள்ள வானிலை நிலையத்தின் மழைக்கணக்கு அதைச் சொல்லாது.

கேள்வி: இடர் மிகுதி என்று பட்டியல் காட்டினால் தெளித்தே ஆக வேண்டுமா?
— அதே வாசகர்

பதில்: வேண்டியதில்லை, அதற்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. நோய் தாக்கிய செடிகளின் சதவீதத்தில் ஏறத்தாழப் பாதி அளவு மகசூல் குறையும் என்பது கனோலா பயிரிடுவோர் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு 40 புஷல் எதிர்பார்க்கும் வயல் என்றும், புஷலுக்கு 14 டாலர் விலை என்றும், மருந்தும் தெளிப்புக்கூலியும் சேர்ந்து ஏக்கருக்கு 30 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். (கனோலாவில் ஒரு புஷல் என்பது 50 பவுண்டு, அதாவது 22 கிலோ 700 கிராம் அளவு.) 10 சதவீதச் செடிகள் பாதிக்கப்பட்டால் இழப்பு 2 புஷல், 28 டாலர், மருந்துச் செலவுகூடத் திரும்பாது. 20 சதவீதம் பாதிக்கப்பட்டால் இழப்பு 4 புஷல், 56 டாலர். மருந்து நோயை முழுவதும் தடுப்பதில்லை என்று கழித்துக்கொண்டாலும் தெளிப்பது இலாபமே. வறண்ட ஆண்டில் 20 புஷலே தேறும் வயலுக்கு இதே மருந்தை அடிப்பது, நோய் வந்தாலும்கூட, பெரும்பாலும் நட்டக்கணக்கில்தான் முடியும். இடர் எவ்வளவு என்பதோடு, காப்பாற்றுவதற்கு எவ்வளவு விளைச்சல் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முன்கணிப்புக்குப் பொருள் உண்டு.

கேள்வி: பூவிதழ்களை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்தால் ஐயத்துக்கே இடமிராது அல்லவா?
— வாசகர், எட்மன்டன்

பதில்: ஓரளவு குறையும், முழுவதும் நீங்காது. இதழ்களை அகர் என்னும் ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் இட்டு, அவற்றில் பூஞ்சாணம் வளர்கிறதா என்று சில நாள்கள் காத்திருந்து பார்க்கும் பழைய முறையில், முடிவு வருவதற்குள் தெளிப்புக் காலமே கடந்துவிடும் ஆபத்து இருந்தது. டிஎன்ஏ பரிசோதனை அந்தக் காத்திருப்பைக் குறைத்துவிட்டது. ஆனால் இதழில் வித்து இருக்கிறது என்பது நோய் வரும் என்பதாகாது. இதழ்களில் பெரும்பகுதி வித்தேறியிருந்தாலும், அடுத்த இரு வாரங்கள் வெயிலும் காற்றுமாக அமைந்தால் அவை காய்ந்து உதிர்ந்துவிடும், தண்டுக்கு ஒன்றும் நேராது. இதழில் வித்து மிகமிகக் குறைவு என்று முடிவு வரும்போதுதான் இப்பரிசோதனை உண்மையில் பணத்தை மிச்சப்படுத்துகிறது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இதற்குக் கைப்பேசிச் செயலியே இருப்பதாக அறிகிறேன். அதை நம்பலாமா? பிளாக்லெக் நோய்க்கும் அது பொருந்துமா?
— வாசகர், பெர்த்

பதில்: மேற்கு ஆஸ்திரேலிய மாநில வேளாண் துறையினர் உருவாக்கிய ஸ்கிலிரோடினியாசிஎம் என்னும் செயலியைக் குறிப்பிடுகிறீர்கள். நான் மேலே போட்ட கணக்கைத்தான் அதுவும் போடுகிறது. ஆனால் ஒரே விடையைத் தராமல், நல்ல நிலை, மோசமான நிலை, பெரும்பாலும் நேரக்கூடிய நிலை என்று வரவை மதிப்பிட்டுக் காட்டுகிறது. இந்நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் உள்ளிடும் விலையும் மகசூலும் ஆசைக்கணக்காக இருந்தால் விடையும் அப்படியே வரும்.

பிளாக்லெக் நோய்க்குத் தனிச் செயலி உண்டு, ஏனெனில் அந்நோயின் வழியே வேறு. லெப்டோஸ்பேரியா மாகுலன்ஸ் என்னும் அப்பூஞ்சாணம் சென்ற ஆண்டு அறுவடைக்குப் பின் நிற்கும் கனோலா தாள்களில் தங்கி, மழை பெய்ததும் வித்துகளை விடுகிறது. இளம் நாற்று தாக்கப்பட்டால் அடித்தண்டு கருகி, பின்னாளில் செடியே சாய்ந்துவிடும். ஆகவே இங்கே பெரும்பாலான முடிவுகள் விதைப்பதற்கு முன்பே எடுக்கப்படுபவை: எதிர்ப்புத்திறன் மிகுந்த இரகத்தைத் தேர்வது, சென்ற ஆண்டுத் தாள்களிலிருந்து 500 மீட்டராவது விலகி விதைப்பது, விதை நேர்த்தி செய்வது ஆகியவை. இலைப்பருவத்தில் மருந்து தெளிப்பது இவற்றுக்கெல்லாம் பிந்தியது. இரகத்தை மட்டுமே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஐர் தீபகற்பத்து விவசாயிகள் 2003இல் கண்டார்கள். அதுவரை நோயே அண்டாது என்று பேர்பெற்றிருந்த இரகங்களின் எதிர்ப்புத்திறனை, பூஞ்சாணம் அந்த ஆண்டு உடைத்துவிட்டது. முன்கூட்டியே விதைத்து, குளிர்காலத்திலேயே பூத்துவிடும் பயிர்களில் இதே நோய் தண்டின் மேற்பகுதியையும் கிளைகளையும் தாக்குவதால், பயிர் எந்தத் தேதியில் பூக்கத் தொடங்கியது என்பதும் இப்போது இடர்க் கணக்கில் சேர்ந்துவிட்டது.

கேள்வி: கனடாவின் மதிப்பெண் பட்டியலை இராஜஸ்தானின் கடுகு வயல்களுக்கு அப்படியே பயன்படுத்தலாமா?
— வேளாண் மாணவி, கோயம்புத்தூர்

பதில்: கூடாது. கடுகையும் இதே பூஞ்சாணம்தான் தாக்குகிறது, இதழும் ஈரமும் அங்கேயும் முக்கியம். ஆனால் இராஜஸ்தானில் குளிர்காலப் பயிருக்கு ஈரம் தருவது பெரும்பாலும் மழை அன்று, பாசன நீரும் பனியும் மூடுபனியும். மழை என்னும் இடத்தில் எதை, எந்த அளவில் வைப்பது என்பதை அவ்வூர் வயல்களில் பல பருவங்கள் நோயை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஜெர்மனியின் ஸ்கிலெரோபுரோ முன்கணிப்பு முறைகூட, வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பதத்தையும் மணிக்கணக்கில் கூட்டிப் பார்ப்பது. அந்த எண்கள் அந்நாட்டு வயல்களில் சரிபார்க்கப்பட்டவை.

கேள்வி: தெளித்த பிறகு நோய் வரவில்லை என்றால், மருந்து வேலை செய்ததா, நோய் எப்படியும் வந்திருக்காதா என்று எப்படி அறிவது?
— வாசகர், ரெஜைனா

பதில்: வயலின் நடுவே, தெளிப்பான் ஒருமுறை சென்று வரும் அகலத்துக்கு ஒரு பட்டையை மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள். அறுவடைக்குச் சற்று முன்பு, அதிலும் தெளித்த பகுதியிலும் ஐந்து இடங்களில் இருபது செடிகள் வீதம் நூறு நூறு செடிகளின் தண்டைப் பாருங்கள். வெளுத்துக் கிழிந்த தண்டுகளின் எண்ணிக்கையில் உள்ள வேறுபாட்டில் பாதியை மகசூல் சதவீதமாகக் கொண்டால், மருந்து எத்தனை புஷலைக் காத்தது என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். அதே வயலில் மறுபடி கனோலா விதைக்கும் ஆண்டில், பட்டியலின் இரண்டாவது கேள்விக்கு அதுவே விடை.